மனோரஞ்சிதம் சாகிற நேரம்

குடியாத்தத்தில் அப்துல் வஹீத் பாயின் பீடிக் கொட்டகையில் லோகநாதன் பார்த்த உத்தியோகத்துக்கு அரசாங்கப் பட்டியல் எதிலும் பெயர் கிடையாது. அவர் கதை வாசித்தார். இருபத்தாறு பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். எதிரே மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை ரயிலில் சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகையின் தொடர்கதையை அவர் உரக்கப் படிப்பார். ஓர் அத்தியாயத்தை ஒரு வாரத்துக்கு நீட்டிப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

முன்பு அவரும் சுற்றியவர்தான். ஐம்பத்தொன்றாம் வருஷம் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் அவருடைய வலது கட்டைவிரலோடு தகராறு செய்து ஜெயித்தது. கட்டைவிரல் மடங்காதவர் பீடி சுற்ற முடியாது, பக்கம் புரட்டலாம். எட்டாவது வரை படித்தவர் என்பதால் பாய் இரக்கப்பட்டுப் பெட்டியின் மேல் உட்கார வைத்தார். இரக்கத்தோடு ஒரு யோசனையும் இருந்தது: கதை கேட்கிற வாய் பேசாது, வாய் பேசாவிட்டால் கை ஜாஸ்தி சுற்றும்.

இந்த வேலையும் போனால் மிச்சமிருந்த வழி ஒன்றுதான். ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலை பார்த்த மைத்துனன் கன்னியப்பன், வரும்போதெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் தூக்க ஆள் தேவைப்படுவதாக அன்போடு தெரிவித்துவிட்டுப் போவான். அவன் கைகளைப் பார்த்தாலே லோகநாதனுக்குத் தம் கை எரியும்.

எழுத்து வாசகர் மனத்தில் என்ன செய்கிறது என்று பண்டிதர்கள் மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதைத் துல்லியமாக அளக்கும் கருவி வஹீத் பாயிடம் மட்டுமே இருந்தது. கருவியின் பெயர் பீடி.

இது தெரிய வந்தது திமிரி வியாபாரி ராமமூர்த்தியால். அவர் ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பியிருந்தார். இழுத்தால் கன்னம்தான் ஒட்டுகிறது, புகை வரவில்லை என்பது புகார். பாய் இலையைப் பார்த்தார், தூளைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். எல்லாம் சரி. பீடி மட்டும் கல்லாக இறுகியிருந்தது.

"இன்னா தாயாரம்மா, அத்தினி பேர் கையும் ஒரே நாள்ல பேஜாராப் போச்சா?"

தாயாரம்மாள் கொட்டகையிலேயே மூத்தவள். முதலாளி என்பதற்காக வார்த்தையைச் சுருக்குகிறவள் அல்ல.

"அன்னிக்கு மனோரஞ்சிதத்தோட கட்டிலுக்கு அடியில திருடன் கத்தியோட படுத்துனு இருந்தான் பாய். எவ கை தளர்வா இருக்கும்?"

அடுத்த வாரத் தொடர்கதையில் திருடன் பிடிபட்டான். கதாநாயகி மனோரஞ்சிதத்தின் புருஷன் நிலா வெளிச்சத்தில் அவள் தலையில் பூ வைத்தான். அந்த வாரத்துப் பீடிகள் உதட்டில் வைத்ததும் வெட்கமில்லாமல் அவிழ்ந்தன. அதற்கு அடுத்த வாரம் அவள் தகப்பனார் இறந்தார். இருபத்தாறு மடியிலும் தூள் நனைந்து பூஞ்சை பூத்தது.

மூன்று மாத ஆராய்ச்சிக்குப் பின் லோகநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். பீடிக்கு உகந்தது ஓரகத்திச் சண்டை. அதில் கோபம் உண்டு, பயம் இல்லை. நாக்கு துறுதுறுக்கும், கை சீராக ஓடும். சென்னையில் இருந்த கதாசிரியருக்கு இந்த நுட்பம் பிடிபடவில்லை. ஆகவே லோகநாதனே திருத்த வேண்டியதாயிற்று. திருடன் வரும் இடத்தில் நடையைக் குறைத்து, கதையை ஒரு முறை சமையலறைக்கு அழைத்துப் போய் வருவார். புருஷன் பூவை எடுத்தால், பக்கத்து அறையில் ஓரகத்தி நீலா சொம்பை நங்கென்று வைப்பாள். பீடி பிரமாதமாகப் புகைந்தது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது வைகாசி நெருங்கியது. கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். பாய்க்கு வருஷத்தின் பெரிய வியாபாரம் அந்த வாரம்தான். அந்த நேரம் பார்த்து மனோரஞ்சிதம் விஷக்காய்ச்சலில் படுத்தாள்.

"லோகு, அந்தப் பொண்ணு செத்துடுமா?" என்று பாய் கேட்டார்.

"வெள்ளிக்கிழமதான் பாய் தெரியும்."

"செத்தா இதுங்க அழும். அழுதா தூள் நனையும். திருவிழா சரக்கு போற வரைக்கும் அது சாகக் கூடாது. கெட்ட சரக்கு ஒரு கூடை வந்துதுன்னா, நீ ஆம்பூருக்கு மூட்டை கட்டிக்க."

வெள்ளிக்கிழமை லோகநாதன் ரயிலடியில் நின்றபடியே பத்திரிகையைப் பிரித்தார். செத்திருந்தாள். குழந்தை அவள் கால் கட்டைவிரலைப் பிடித்து, எழுந்திரு என்று இழுக்கிற இடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் பார்க்காதபடி திரும்பிக்கொண்டு அழுதார். அழும்போதே, 'கட்டைவிரலைப் போட்டான் பார்' என்று உள்ளே ஒரு தொழில்காரன் தலையாட்டினான்.

சனிக்கிழமை அவர் வாசித்த அத்தியாயத்தில் வேலூரிலிருந்து பெரிய டாக்டர் வந்தார். ஊசி போட்டார். மனோரஞ்சிதம் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள்.

கொட்டகையில் ஒரு கையும் ஓடவில்லை.

"மூணு வாரமா இருமறா," என்றாள் தாயாரம்மாள். "கூரை மேல ஆந்தை கத்திச்சு. சாமி வெளக்கு தானா அணைஞ்சுது. மவனை நல்லாப் பாத்துக்கன்னு புருஷன் கையில சத்தியம் வாங்கினா. இத்தினியும் பண்ணிட்டு இப்போ கஞ்சி குடிச்சாளா? யார்கிட்ட வுட்ற?"

ஜஹீருன்னிசா அதிகம் பேசாத பெண். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அண்ணா, நீங்களா சொல்றப்ப பக்கத்தைத் திருப்ப மறந்துடறீங்க."

மனோரஞ்சிதம் இருக்கிறாளா, போய்விட்டாளா என்ற கவலையிலேயே அன்றைய பீடிகள் சுற்றப்பட்டன. சாயங்காலம் பாய் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினார். ஆணி.

"நாளைக்கு நான் வேலூர் போய்ட்டு சாயங்காலம்தான் வர்றேன். வந்து பார்க்கறப்பவும் இப்படியே இருந்தா உன் மச்சானுக்குச் சொல்லி அனுப்பிடு."

மறுநாள் காலை லோகநாதன் சீக்கிரமே போய்விட்டார். சாகடித்தால் ஈரம், சாகடிக்காவிட்டால் ஆணி. பெட்டியின் மேல் உட்கார்ந்து ஆம்பூரை நினைத்துக்கொண்டார். பெண்கள் வந்து, தினமும் செய்கிறபடி சிமெண்டுத் தொட்டியைச் சுற்றி நின்று, அன்றைய இலைக்கட்டுகளைத் தண்ணீரில் முக்கத் தொடங்கினார்கள். எப்படியும் நனைய வேண்டிய இலை. எவள் மடியிலும் முறம் இல்லை. தூள் மூட்டை அறைக்குள் பூட்டியிருந்தது.

லோகநாதன் பத்திரிகையோடு எழுந்து தொட்டி ஓரம் போய் நின்றார்.

"இன்னா லோகு, பத்து மணிக்குத்தானே கதை?" என்றாள் தாயாரம்மாள்.

"மனோரஞ்சிதம் செத்துட்டாக்கா," என்று சொல்லிவிட்டு, ஒரு வரி கூட்டாமல் குறைக்காமல், அச்சில் இருந்தபடியே வாசித்தார்.

கட்டைவிரல் வரும் வரைதான் எல்லாரும் தாங்கினார்கள். பிறகு இருபத்தாறு பேரும் தொட்டிக்குள் அழுதார்கள். ஜஹீருன்னிசா இலையோடு முந்தானையையும் சேர்த்து முக்கினாள். ஊரில் எத்தனையோ சாவு பார்த்த தாயாரம்மாள், மூக்கைச் சிந்திவிட்டு, "நாளைக்கும் இதையே படி," என்று உத்தரவு போட்டாள். தொட்டியில் எது தண்ணீர், எது கண்ணீர் என்று இலைக்குத் தெரியவில்லை.

இலையை உதறி வெட்டி முடித்து, பத்து மணிக்கு முறங்கள் மடிக்கு வந்தன. லோகநாதன் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு பக்கத்தைத் திருப்பினார். அங்கே கூந்தல் தைல விளம்பரம் இருந்தது. அதை விரித்து வைத்துக்கொண்டு கம்பீரமாக வாசித்தார்: "பிணம் போய் வீடு கழுவி முடியவில்லை. அதற்குள் நீலா, மனோரஞ்சிதத்தின் கூறைப்புடவையை எடுத்துத் தன் தோளில் போட்டு அழகு பார்த்தாள்."

"நாசமாப் போறவ," என்றாள் தாயாரம்மாள். அவள் கை ஒரே சீராக ஓடியது. இருபத்தாறு கைகளும் ஓடின. விளம்பரத்தின் மறுபக்கத்தில் நீலா வெள்ளிக் கிண்ணத்தையும் எடுத்தாள்.

சாயங்காலம் பாய் வந்தார். கூடையிலிருந்து ஒரு பீடியை எடுத்து உருட்டிப் பார்த்தார், பற்றவைத்தார். புகை தாராளமாக வந்தது. இன்னொரு இழுப்பு இழுத்துக் கண்ணை மூடினார்.

"இன்னா படிச்ச இன்னிக்கு?"

"ஓரகத்திச் சண்டைதான் பாய்."

"ம். திருவிழா வரைக்கும் அதையே படி." பாய் வாசல் வரை போனார். திரும்பி வந்தார். பெண்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைக் கம்மி பண்ணினார். "அது கிடக்கட்டும். அந்தப் பொண்ணு?"

லோகநாதன் பத்திரிகையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"காலைல இலை நனைக்கறப்ப வாங்க பாய். எட்டு மணிக்கு."

பாய் ஏழே முக்காலுக்கே வந்துவிட்டார். கையில் வெளுத்த கைக்குட்டை ஒன்று இருந்தது.