காதுக்காரர் வாங்கிய விமானம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. எல்லோருக்கும் அவர் காதுக்காரர். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் முதலில் பையைத் திறக்க மாட்டார், திருப்புளியைத் தொட மாட்டார். கையை உயர்த்தி எல்லோரையும் வாயை மூடச் சொல்வார். லிஃப்டில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, கீழிருந்து மேலே ஒரு தடவை, மேலிருந்து கீழே ஒரு தடவை. இறங்கி வந்து, "நாலாவது மாடி கதவு உருளை தேஞ்சிருக்கு. மேல மோட்டார்ல இடது பக்கப் பேரிங் இன்னும் மூணு மாசம் தாங்கும்" என்பார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும்.

பழுது சரியானபின், லிஃப்டை மறுபடி ஓட விடலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமை அந்த நிறுவனத்தில் மூன்றே பேருக்குத்தான். அவர் அதில் ஒருவர். இருபத்தாறு வருஷ உழைப்பில் அவர் சம்பாதித்த சொத்து என்றால் அந்தக் கையெழுத்துதான். அதைப் பற்றிப் பெருமை இல்லாதவர்போல நடக்கப் பார்ப்பார்; ஒரு நாளும் முடிந்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் விமானி. துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே கிடைத்த இடுக்கில் ஒரு மேசை, கணினி, ஒரு ஜாய்ஸ்டிக். விமானம் ஓட்டும் சிமுலேட்டர் என்ற கணினி விளையாட்டோடு இலவசமாக வரும் விமானங்களை இரண்டு வருஷம் ஓட்டித் தீர்த்தார். பிறகு குறை சொல்ல ஆரம்பித்தார். ஒரு பொத்தானை அமுக்கினால் எஞ்சின் ஓடுகிறது. பாதி சுவிட்சுகள் வெறும் படம். எப்படிப் போட்டு உடைத்தாலும் மறுநாள் புத்தம் புதிதாக நிற்கிறது.

அவர் கண் வைத்திருந்தது தனியாக விற்கும் ஒரு விமானத்தின் மேல். ஒரு சின்ன நிறுவனம் நான்கு வருஷம் உழைத்துச் செய்தது. பழைய காலத்து இரட்டை எஞ்சின் பயணி விமானம். ஒவ்வொரு ஃப்யூசும் வேலை செய்யும். எண்ணெய் சூடாகுமுன் முடுக்கினால் எஞ்சின் தேயும், தேய்ந்தது தேய்ந்ததாகவே இருக்கும். சத்தமெல்லாம் நிஜ விமானத்துக்குள் மைக் வைத்துப் பிடித்தது.

மனைவி துணிக்கடையில் அளவு திருத்தித் தைப்பவர். விலையைக் கேட்டதும் ஊசியை அப்படியே நிறுத்தினார்.

"அந்த விளையாட்டு மொத்தத்துக்கும் என்ன விலை குடுத்தோம்? அதுக்குள்ள ஓட்ற ஒரே ஒரு விமானத்துக்கு அதே விலையா?"

"ஒன்றரை மடங்கு," என்றார் அவர். பொய் சொல்ல வராத மனிதர். அதனாலேயே வீட்டு வாதங்களில் தோற்பவர்.

"பறக்காத விமானத்துக்கா?"

இந்த ஒரு கேள்வியிலேயே மூன்று மாதம் ஓடியது. கடைசியில் அவர் மனைவியின் மடியில் கிடந்த கோட்டையே எடுத்து உள்பக்கம் திருப்பிக் காட்டினார். "இந்த உள் துணி யார் கண்ணுக்குத் தெரியுது? எதுக்கு இவ்வளவு பாடுபட்டுத் தைக்கிற?"

"உள் துணி சரியில்லன்னா கோட்டு தொங்கிப் போயிடுமே."

"அதேதான் நானும் சொல்றேன்."

மனைவி கோட்டைப் பிடுங்கிக்கொண்டு, "வாங்கித் தொலைங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான்.

முந்நூற்றுச் சொச்சம் பக்கக் கையேட்டோடு விமானம் வந்தது. முதல் நாள் எஞ்சினை ஓட வைக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் நாள் ஒரு எஞ்சினைக் கொதிக்க விட்டார். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் அந்த எஞ்சின் இருமிக்கொண்டே கிளம்புகிறது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "நேத்து நான் பண்ணின தப்பு இன்னும் ஞாபகம் வெச்சிருக்கு பாரு!" என்று சமையலறை வரை ஓடிப்போய்ச் சொன்னார். "நானும்தான் ஞாபகம் வெச்சிருக்கேன், என்கிட்ட இப்படி ஓடி வந்ததில்லையே" என்றார் மனைவி.

ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. விமானம் சாய்ந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று காட்டும் கருவிக்குள் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அதற்குக் கைரோ என்று பெயர். பேட்டரி சுவிட்சைப் போட்டதும் அது மெல்லிய விசிலோடு வேகம் எடுக்கும் என்றது கையேடு. வாங்கியவர்கள் எழுதும் பக்கங்களிலும் அதே புகழ்ச்சி. அந்த விசில் ஒன்றுக்கே கொடுத்த காசு தகும் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

காதுக்காரருக்கு விசில் கேட்கவில்லை.

ஒலியைக் கூட்டினார். ஹெட்போன் மாட்டினார். புது ஸ்பீக்கர் வாங்கினார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். ஒரு மாதம் பறந்தார். தரையிறங்கும்போதெல்லாம் தடால் தடாலென்று போட்டார். விசில் மட்டும் வரவில்லை. கடைசியில் கோபம் தலைக்கேறி, செய்தவர்களுக்கே ஒரு கடிதம் எழுதினார். 'இருபத்தாறு வருடமாகக் காதால் பிழைப்பவன் நான். இல்லாத சத்தத்துக்குக் காசு வாங்கியிருக்கிறீர்கள்' என்று அதில் ஒரு வரி. தன் கணினியிலிருந்து பதிவு செய்த ஒலியையும் சாட்சிக்கு இணைத்திருந்தார்.

இரண்டு நாளில் பதில் வந்தது, மகா மரியாதையாக. 'நீங்கள் அனுப்பிய பதிவில் அந்த ஒலி எங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆனாலும் உங்களுக்குத் திருப்தி இல்லாததால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம். விமானம் உங்களிடமே இருக்கட்டும்.'

"பாத்தியா, மழுப்பறானுங்க!" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவர்கள் பொய்யைப் போட்டு உடைப்பதற்காக அந்தப் பதிவை ஓட விட்டார்.

மனைவி துவைத்த துணிகளை மடித்தபடியே, "இந்தக் கீச்சுன்னு ஒரு விசில் வருதே, இது எதுக்கு? காதைக் குடையுது" என்றார்.

தொழிலாளி அல்லவா, சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். மனைவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினார். விமானத்தின் பேட்டரி சுவிட்சைப் போட்டார், அணைத்தார். மௌஸின் சத்தம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று நடுநடுவே சும்மாவும் அமுக்கினார். "இப்ப இருக்கு... இப்ப இல்ல... இப்பவும் இல்ல... இப்ப வருது" என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பதினோரு தடவை. பதினொன்றும் சரி.

அவர் பயந்துபோனார். லிஃப்டில் பேரிங் கெட ஆரம்பிக்கும்போது முதலில் வருவதும் இப்படிப்பட்ட கீச்சுச் சத்தம்தான். அது கேட்காமல் எத்தனை லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தவர், பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

காதுப் பரிசோதனை செய்யும் பெண் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தாள். வெளியே வந்ததும் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினாள். பாதிவரை நேராகப் போன கோடு, பிறகு சரேலென்று கீழே இறங்கியிருந்தது.

"தடித்த சத்தமெல்லாம் நல்லாவே கேக்குது சார். மெல்லிசாக் கீச்சுங்கறதுதான் போயிடுச்சு. காது மிஷின் போட்டா திரும்பக் கேக்கும். மோட்டார் அறையில காதடைப்பான் போட்டுக்குவீங்களா?"

"போட்டா சத்தம் எப்படிம்மா கேக்கும்?"

அவள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். மனைவி அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் அவர் கேட்டார், "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணு வருஷமா தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

பஸ் வரும்வரை இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு அடங்கியபோது அவர் கை மனைவியின் கையை விடவில்லை.

மறுநாள் முதலில் மச்சினனிடம் சொன்னார். மனைவியின் தம்பி, ஒன்பது வருஷமாக அவரோடு ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவன். அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

"தெரியும் மாமா. ஒரு வருஷமா நீங்க கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு இடத்துக்கும் சாயங்காலம் நான் ஒரு நடை போயிட்டுதான் வீட்டுக்குப் போறேன். ரெண்டு இடத்துல பேரிங் மாத்தினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

"காதுக்காரர்கிட்ட போயி காது கேக்கலன்னு யார் மாமா சொல்றது?"

காதும் காதும் வைத்தாற்போல ஒரு வருஷம் தன்னைக் காப்பாற்றியவனைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. திட்டினார். அப்புறம் நேரே மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

மேலாளர் அம்மா கறாரானவர். "காது மிஷின் வர்ற வரைக்கும் கையெழுத்து வேண்டாம். வந்ததும் பத்து லிஃப்ட் கேட்டுச் சொல்லுங்க. நாங்க அதிர்வு மீட்டரை வெச்சுப் பாக்கறோம். ரெண்டும் ஒத்துப்போனா உங்க கையெழுத்து உங்களுக்கு. போகலன்னா, வருத்தம்தான், ஆனா தர முடியாது." நாளும் குறித்துவிட்டார், அடுத்த மாதம் முதல் திங்கள்.

கருவி வந்தது, காதுக்குப் பின்னால் அவரைக்காய் விதை அளவில். மாட்டிக்கொண்ட முதல் நாளே மனிதர் நொந்துபோனார். கரண்டி கீச்சிட்டது, காகிதம் கீச்சிட்டது, குழாய்த் தண்ணீர் கீச்சிட்டது. மச்சினன் ஓட்டிக் காட்டிய பழைய லிஃப்டில் நின்று கண்ணை மூடினால் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். எது உருளை, எது பேரிங் என்று பிரிக்கத் தெரியவில்லை. சத்தம் திரும்பி வந்துவிட்டது, அதைப் புரிந்துகொள்ளும் புத்தி வரவில்லை என்று மனைவியிடம் சொன்னார். "பழகட்டுங்க" என்றார் மனைவி. அவர் நம்பவில்லை.

திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் மத்தியானம். செய்யவேண்டிய ஒரு கடமை பாக்கி இருந்தது. விமானம் செய்தவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். தவறு உங்கள் விமானத்தில் இல்லை, என் காதில் என்று எழுதி அனுப்பிவிட்டு, திரும்பி வந்த பணத்தை வைத்துக்கொள்ள மனம் வராமல் அதே விமானத்தை முழு விலைக்கு இரண்டாம் தடவை வாங்கினார். கணினியில் இருந்தது என்னவோ அதே பழைய விமானம்தான். ஒரே விமானத்தை இரண்டு தரம் வாங்கிய ஆளை உலகத்திலேயே தான்தான் கட்டிக்கொண்டிருப்பதாக மனைவி சொன்னார். சொல்லிவிட்டு, தைக்க வேண்டிய கோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

கருவி மாட்டியபின் முதல் தடவையாக அவர் பேட்டரி சுவிட்சைப் போட்டார்.

வந்தது. எங்கோ பலகைக்குப் பின்னாலிருந்து ஒல்லியாகக் கிளம்பி மேலே மேலே ஏறியது. இத்தனை நாள் இல்லவே இல்லை என்று அவர் சண்டை போட்ட விசில். முகமெல்லாம் பல்லாக மனைவியைப் பார்த்தார்.

அப்புறம் அவர் முகம் மாறியது. கையை உயர்த்தினார். மனைவி ஊசியை நிறுத்தினார். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது சரியில்லையே," என்றார்.

"என்ன சரியில்ல?"

"ஏறறப்ப நடுவுல ஒரு கரகரப்பு. சுத்துக்கு ஒரு தடவ வருது. உள்ள பேரிங் தேஞ்சிருக்கு."

"அது நீங்க மிஷின் மாட்டறதுக்கு முன்னாடியிருந்தே அப்படித்தான் கரகரங்குது. அந்த விமானமே அப்படித்தான்னு நினைச்சேன்."

அவர் விமானத்தின் பராமரிப்புப் பக்கத்தைத் திறந்தார். ஒரு மாதமாக அவர் தடால் தடாலென்று இறக்கிய கணக்கெல்லாம் அதில் இருந்தது. எஞ்சின், சக்கரம், பிரேக் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு வரியில் விரலை வைத்தார். கைரோ பேரிங், தேய்மானம் அதிகம், பறக்க வேண்டாம்.

திரையிலிருந்து அவர் விரலை எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அப்ப இன்னைக்குப் பறக்க மாட்டீங்களா?" என்றார் மனைவி.

"எப்படிப் பறக்கறது? ரிப்பேர் ஆயிருக்கே!" பரிசு விழுந்தவர்போலச் சொன்னார்.

மனைவி திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ரெண்டு தடவ காசு குடுத்தது, கடைசியில இப்படிப் பறக்க முடியாம உக்காந்திருக்கவா?"

"இதுக்குத்தான்," என்றார் அவர். "நாளைக்கு என்னை எட்டு மணிக்குள்ள கிளப்பிவிட்டுடு. பத்து லிஃப்ட் கேக்கணும்."