அக்கா பிடித்து நின்ற ஏரியல் கம்பி

அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்றைய ஜெபத்துக்கு வருகிற உறவினருக்கும் சிநேகிதருக்கும் கொடுக்க ஒரு நினைவு மலர் வேண்டும், உடன்பிறந்தவன் என்ற முறையில் நீதான் எழுத வேண்டும் என்றார்கள். வழக்கமாக இப்படி எழுதுகிறவர்கள் போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி, பரலோகத்தில் சந்திப்போம் என்று முடிப்பார்கள். எனக்கு அவ்வளவு விசுவாசமும் இல்லை, அவ்வளவு பொறுமையும் இல்லை. பக்தியுள்ளவர்கள் மன்னிக்க வேண்டும். நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா அஞ்சுகிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. நான் நடை பழகும் முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டதால், என்னைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தரையில் புரண்டபோது முதுகில் ரெண்டு வைத்தது எல்லாம் அக்காதான். சபைப் பெண்களிடம் லேஸ் பின்னக் கற்றிருந்தார். தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவார். கை அதன்பாட்டுக்கு ஓடும், வாய் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும். கடைசிவரை அந்த வேலைதான் அவருக்குச் சோறு போட்டது. யாரிடமும் கை நீட்டியதில்லை.

நாடு சுதந்திரம் பெற்ற வருடம் கல்யாணம். வடசேரியில் குடித்தனம். அப்பாவும் அதற்குள் காலமாகிவிட்டதால் என்னையும் கூடவே அழைத்துக்கொண்டார். அத்தானுக்குக் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வருவார், சில வாரம் இருப்பார், போவார். வந்த நாட்களில் வீடு வீடாக இருக்காது, கல்யாண வீடாக இருக்கும். அத்தனை பேச்சு, அத்தனை பாட்டு. இன்று அவர்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதை மறைக்கக்கூடாது. அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த வாரங்களில்தான்.

கடைசியாக வந்தபோது ஒரு ரேடியோ கொண்டுவந்தார். பின்வளவில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஏரியலுக்காகத் தாமிரக் கம்பியை இழுத்துக் கட்டினார். அதிலிருந்து ஒரு கம்பியைச் சன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, சுவரில் பித்தளைத் துளை வைத்த ஒரு சின்னக் கட்டையை அடித்து அதில் சேர்த்தார். ரேடியோவின் முதுகிலிருந்து வரும் கம்பியின் முனையில் நடுவே பிளந்த ஒரு பின். அதைத் துளையில் செருகினால் கொழும்பு ஸ்டேஷன் கணீரென்று கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேயர்கள் கேட்ட பாட்டுகளைப் போடுவார்கள். கேட்டவர் யார், யாருக்காகக் கேட்டார் என்று ஊரோடு பெயரும் வாசிப்பார்கள்.

"ஞாயித்துக்கெழம தோறும் கேட்டுக்கிட்டே இரி. ஒரு நாளு எம்பேரையும் ஒம்பேரையும் சேத்து வாசிப்பாவ பாரு" என்று அத்தான் சொன்னார்.

"ஊரெல்லாம் கேக்கவா? மானம் போவும்" என்றார் அக்கா. முகம் மட்டும் வேறு சொன்னது.

அத்தான் போனார். சில மாதம் கடிதம் வந்தது. பிறகு நின்றது. கொழும்புக்குப் போய் வருகிறவர்களிடம் விசாரித்தோம். கடை கைமாறிவிட்டது என்றார் ஒருவர். கண்டிப் பக்கம் போய்விட்டார் என்றார் இன்னொருவர். வேறு குடும்பம் இருக்கிறது என்று எங்கள் காதில் விழும்படியே பேசியவர்களும் உண்டு. அவர்களில் சிலர் இந்த மலரை இப்போது கையில் வைத்திருப்பார்கள். வாசிக்கட்டும்.

கடிதம் நின்ற வருடம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். நம் பக்கத்தில் வெள்ளை அடிக்காமல் கிறிஸ்துமஸ் வருமா? வெள்ளை அடிக்க வந்தவர் சுவரில் இருப்பது எல்லாமே சுவர்தான் என்று நினைக்கிற ஆள். ஏரியல் கட்டைமேலும் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் ரேடியோவின் பின் துளையில் நிற்காது. செருகினால் தளரும், ரேடியோ இரையும். நான் காகிதம் மடித்து வைத்துப் பார்த்தேன், நூல் சுற்றிப் பார்த்தேன். ரேடியோ கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து, பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை என்று மூடிவிட்டார். துளைக்குள் சுண்ணாம்பு காய்ந்து கிடப்பது யார் புத்திக்கும் எட்டவில்லை.

விரலால் பின்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் பாட்டு கேட்கும். பேச்சு விட்டு விட்டு வரும். அது போதும் என்று அக்கா பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிறு தோறும் கோயிலிலிருந்து வந்து, எனக்குச் சோறு போட்டுவிட்டு, சுவரோரம் போய் நிற்பார். கை கடுத்தால் மறு கைக்கு மாற்றுவார். நிகழ்ச்சி முடிந்தபிறகுதான் சாப்பாடு. இப்படியே வருடங்கள் போயின. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அந்த மனுசனுக்காவ இப்பிடி நிக்குதியே, ஒனக்கு வெக்கமா இல்லையா?" என்று கத்தியிருக்கிறேன். "சத்தம் போடாத லே, பேரு வாசிக்காவ" என்பார்.

ஒரு நாள் அஞ்சுகிராமத்திலிருந்து சித்தி வந்தார். அக்கா நிற்பதைப் பார்த்துவிட்டு, "மக்கா, எங்க பக்கத்து வீட்டு ரேடியோவுல ஒம் மாப்பிள பேரு வாசிச்ச மாதிரி இருந்துதே. ஒங்க ரேடியோ இப்பிடி இரைஞ்சா ஒனக்கு எங்க கேக்கும்?" என்றார்.

சித்தி பஸ் ஏறுவதற்குள் அக்கா லேஸ் தலையணையிலிருந்து ஒரு குண்டூசியைப் பிடுங்கிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார். வெளியே தென்னையில் கட்டியிருந்த கம்பியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்து, கடைசியில் கட்டையின் துளையைக் குத்தினார். பொலபொலவென்று சுண்ணாம்பு உதிர்ந்தது. "ஏலே, இங்க வா! இதப் பாரு!" என்று கூப்பிட்ட குரலில் பழைய அக்கா இருந்தார். புளி போட்டுப் பித்தளையைத் துலக்கி, ஈரம் போகத் துடைத்து, பின்னின் பிளவைக் கத்தி முனையால் கொஞ்சம் விரித்துச் செருகினார். கப்பென்று பிடித்தது. ஸ்டேஷன் பக்கத்து அறையில் இருப்பதுபோலக் கேட்டது.

அடுத்த ஞாயிறு அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். ஒரு எழுத்து தப்பவில்லை. யாழ்ப்பாணத்தில் யாரோ, மதுரையில் யாரோ, தூத்துக்குடியில் யாரோ. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பல ஞாயிறுகள் போயின. யார் யார் பெயரோ வந்தது, அத்தான் பெயர் வரவில்லை.

மறுபடி சித்தி வந்தபோது அக்கா காப்பி கொடுத்துவிட்டு, "சித்தி, எந்தப் பாட்டுக்கு அவிய பேரு வாசிச்சாவ?" என்று கேட்டார்.

சித்தி தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன் சங்கடத்தக் கண்டு வாயில வந்தது மக்கா. நான் ஒண்ணும் கேக்கல" என்றார்.

நான் எழுந்தேன். என்ன செய்திருப்பேனோ தெரியாது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சித்தியிடம், "காப்பி ஆறுது, குடிங்க" என்றார்.

அந்த ஞாயிறு வெளியே போய்விட்டு நான் திரும்பியபோது ரேடியோ பழையபடி இரைந்துகொண்டிருந்தது. பின் துளையிலிருந்து பாதி வெளியே வந்து தொங்கியது. அக்கா சுவரோரம் நின்று விரலால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் போய் உள்ளே தள்ளக் கை நீட்டினேன்.

"கைய வைக்காத லே. தெளிவாக் கேட்டா எல்லாரு பேரும் கேக்குது. அவிய பேரு இல்லேண்ணும் கேக்குது. இப்பிடியே இரிக்கட்டு."

நான் கையை எடுத்துக்கொண்டேன். போன வருடம் வயிற்று வலி வந்து விழும்வரை அக்கா அப்படியேதான் கேட்டார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஐயா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். வீட்டில் படுக்கையிலும் ஞாயிறு வந்தால் அவருக்குத் தெரியும். எழ முடியாததால் என்னைப் பார்ப்பார். நான் போய்ப் பின்னைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அழுத்திவிடாமல், விட்டும்விடாமல், அவருக்கு வேண்டிய அளவுக்கு இரையும்படி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அப்படி நின்ற ஒரு மத்தியானம், திரும்பிப் பார்த்தபோது அக்கா போயிருந்தார்.

நெய்யூரில் கைத்தாங்கலாக நடத்திச் சென்ற நர்ஸம்மாமாருக்கும், கார் கொடுத்து உதவிய அடுத்த வீட்டுக்காரருக்கும், இரவும் பகலும் மாறி மாறி இருந்த சபைப் பெண்களுக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், மழையில் நனைந்தபடி கல்லறைவரை வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசி மாதம் முழுவதும் வந்திருந்து அக்காவின் உடம்பைத் துடைத்துவிட்ட சித்திக்கும் நன்றி சொல்கிறேன். சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

இந்த மலர் கொழும்பில் இருக்கும் உறவினருக்கும் தபாலில் போகிறது. உங்களில் யாராவது அத்தானைக் கண்டால், இருக்கிறார் என்றோ இல்லை என்றோ தெரிந்தால், தயவுசெய்து எங்களுக்கு எழுத வேண்டாம். கேட்க வேண்டியவர் கேட்டு முடித்துவிட்டார்.