செல் சாவுது, சிக்னல் குடுக்குது: திருப்பதியில் ஒரு குடல் வைத்தியம்

திருப்பதிக்குப் போனோம் என்றாலே லட்டு எங்கே என்கிறார்கள். நாங்கள் போனது குடல் மருத்துவரிடம். என் வீட்டுக்காரருக்கு ஆறேழு மாதமாக மலத்தோடு ரத்தம் போனது. பெருங்குடலில் குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்திருந்தார்கள். முடிவு தெரிந்துகொள்ளத்தான், போன மாதம் விசைத்தறியை நிறுத்திவிட்டு எங்கள் ஊரான நகரியிலிருந்து கிளம்பினோம். கேன்சராக இருக்குமோ என்ற பயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

சுமார் அறுபது கிலோமீட்டர். காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் புத்தூர், ரேணிகுண்டா வழியாக எட்டரைக்குள் போய்விடலாம். இந்த நோய்க்காரர்களுக்குப் பயணம் என்றாலே கழிப்பறைக் கவலைதான். கண்டக்டரிடம் முன்கூட்டியே சொன்னேன். "புத்தூர்ல நிக்கும்மா. உட்டுட்டுப் போவ மாட்டோம், நெம்மதியா போய்க்கினு வரச் சொல்லு" என்றார். நல்ல மனிதர்.

மருத்துவர் தெலுங்குக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசினார். "உள்ள செல்லு சாவுது. சாவறப்ப சிக்னல் குடுக்குது. அதான் வாபு." வாபு என்றால் வீக்கம். என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "சிக்னல் ஃபுல்லா கீதே சார்."

மருத்துவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, 'சாவுது' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

பிறகு பொறுமையாக விளக்கினார். குடலின் உள்தோலில் செல் என்கிற உயிரணுக்கள் தினமும் செத்து உதிர்வது வழக்கம்தானாம். அவை சத்தமில்லாமல் போய்விடும். இவருக்குச் சில அணுக்கள் வெடித்துச் சாகின்றன. உள்ளே இருந்தது வெளியே கொட்டி, ஆபத்து என்று உடம்புக்குச் சேதி போகிறது. காவலுக்கு இருக்கும் ரத்த அணுக்கள் வந்து குவிய, வீக்கம். அந்த வீக்கமே இன்னும் பல அணுக்களைக் கொல்கிறதாம்.

"ஒரு இழ அறுந்து பக்கத்து இழையையும் இஸ்துக்கினு போற மாதிரியா சார்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அதேதான். இப்ப எழுதிக் குடுக்கற மாத்திர அந்தச் சேதியத் தடுக்கும்."

இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "கேன்சரா சார்?" என்றேன்.

"லேதும்மா. கேன்சர் இல்ல. அத நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்."

போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறு வேண்டாம், பக்தர்கள் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. மாற்று வேட்டி ஒன்று பையில் இருக்கட்டும். ரத்தம் நின்றதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் இதை அழுத்திச் சொன்னார். பயப்படும் கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில், இத்தனை மாதமாக நான் பயந்ததைச் சொன்னேன்.

"நானுந்தான் பயந்துக்கினு இருந்தேன். நீ தாங்க மாட்டேன்னு சொல்லல" என்றார்.

ஒரே வீட்டில் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருக்கிறோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.