ரீலின் நான்காம் சுற்று

படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எத்தனை வருடங்கள் வயலின் வாசித்திருக்கிறீர்கள்? எட்டு என்று எழுதினேன். பொய்யில்லை. ஏழு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கர்நாடக வயலின் படித்தேன். சான்றிதழ்களை அம்மா சட்டம் போட்டு வீட்டு ஹோலில் மாட்டியிருந்தார். படிவத்தைப் பார்த்தவர்கள் என்னை நேரே மூன்றாம் அறைக்கு, நன்றாக வாசிப்பவர்களின் அறைக்கு, அனுப்பிவிட்டார்கள்.

அது ஸ்கொட்டிஷ் வயலின் பயிலரங்கு. ஹோல்போர்னுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தின் மண்டபமும் அதையொட்டிய மூன்று அறைகளும். சனி காலைகளில், பத்து வாரங்கள். முதல் அறை புதியவர்களுக்கு, இரண்டாவது கொஞ்சம் வாசிப்பவர்களுக்கு, மூன்றாவது மற்றவர்களுக்கு. என்னுடன் வேலை செய்த ஒருத்தியின் திருமணத்தில்தான் அந்த இசையை முதலில் கேட்டேன். நான் ஆடுகிறவள் அல்ல. கூட்டத்தில் என் கையில் தட்டு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நிற்பேன். அன்று தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஆடினேன். ஏன் என்று மூன்று நாட்கள் யோசித்தேன். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து வயலின் பெட்டியை இழுத்தேன்.

மூன்றாம் அறையில் நான் இருந்தது இருபது நிமிடங்கள்.

உள்ளே போனதும் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டேன். எட்டு வருடம் அப்படித்தான் வாசித்திருக்கிறேன்; வேறு விதமாக உட்கார வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பதினைந்து பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். எல்லோரும் தங்கள் வில்களைக் கவனிக்கத் தொடங்கினார்கள். ஆங்கிலேயர்களின் மரியாதை அப்படி. ஒருவர் மட்டும் எழுந்து போய் ஒரு சிறு நாற்காலி மெத்தையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"முதுகு வலியா? எனக்கும் போன வருடம் இருந்தது."

நன்றி சொல்லி மெத்தையில் உட்கார்ந்தேன். அடுத்தது சுருதி. என் தந்திகள் ச-ப-ச-ப என்று இருந்தன, அவர்களுடையது வேறு. சேர்ப்பதற்காக மெல்லிய தந்தியை முறுக்கினேன். பத்து வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்த தந்தி, டங்கென்று அறுந்து கன்னத்தில் பட்டது.

எழுந்து முதல் அறைக்குப் போனேன். அங்கிருந்த ஆசிரியைக்கு என் வயதுதான் இருக்கும். புதுத் தந்தி ஒன்றை அவரே போட்டுத் தந்தார். வயலினை நாடிக்குக் கீழே, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். கையை எடுத்ததும் அது நழுவி மடியில் விழுந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் அதைப் பார்த்துத் தலையாட்டினாள். லேட்டனில் கடிதம் விநியோகிக்கிறவள், நாற்பது வயதுக்காரி, வாழ்க்கையில் அன்றுதான் வயலினைத் தொடுகிறாள்.

"எட்டு வருடம் வாசித்தவள் நீதானே?"

"ஓம்," என்றேன், என்னை அறியாமல் தமிழிலேயே.

"எனக்கு இப்போது தைரியமாக இருக்கிறது," என்றாள்.

ஆசிரியை அந்த இடத்தின் வழக்கங்களைச் சொன்னார். காகிதம் கிடையாது. அவர் ஒரு சிறு துண்டு வாசிப்பார், நாங்கள் திருப்பி வாசிக்க வேண்டும், பிறகு அடுத்த துண்டு. வீட்டுக்குக் கொண்டுபோகப் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டாவது வழக்கம்தான் எனக்கு விசித்திரமாக இருந்தது. அங்கே யாரும் யாரையும் சோதிப்பதில்லை. தேநீர் இடைவேளை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எந்த அறைக்கும் போகலாம். எல்லா அறைகளிலும் ஒரு மெட்டை மூன்று முறை சுற்றி வாசிப்பார்கள். மூன்றாம் சுற்றிலும் நீங்கள் கூடவே இருந்தால் அது உங்கள் அறை. இல்லையென்றால் எழுந்து பழைய அறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"யார் தீர்மானிப்பது?" என்று கேட்டேன்.

"நீதான்," என்றார்.

பத்தாவது சனிக்கிழமை பிற்பகலில் பெரிய மண்டபத்தில் நடனம் இருந்தது. இரண்டாம், மூன்றாம் அறைக்காரர்கள் மேடையில் வாசிப்பார்கள். முதல் அறைக்காரர்கள் கீழே ஆடுவார்கள். அதைக் கேட்டதுமே எனக்கு வேண்டியது எது என்று தெரிந்துவிட்டது. மேடையில் ஒரு நாற்காலி. முன்வரிசை, பின்வரிசை என்றெல்லாம் இல்லை. என்னை அன்று ஆடவைத்தது எதுவோ அது புறப்படுகிற இடத்தில் நான் இருக்க வேண்டும். ஒன்பது வாரங்கள் இருந்தன.

மென்பொருள் சோதிப்பது என் தொழில். ஒன்றை எழுதியவர் அது வேலை செய்யும் என்று நம்புவார். அது எங்கே உடையும் என்று பட்டியல் போடுவது என் பங்கு. திரும்பி வரும்போது மைல் எண்டில் ரயில் மாறி, ஈஸ்ட் ஹாம் வருவதற்குள் முதல் பட்டியலை எழுதிவிட்டேன். ஒன்று, நாடியில் பிடிப்பது. இரண்டு, தந்திகளின் புதிய இடங்கள். மூன்று, கமகம் கூடாது. நான்கு, வேகம். பிறகு ஒன்றும் நான்கும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று ஓர் அம்புக்குறி போட்டேன்.

பதிவுகளைக் கேட்டு, மெட்டுகளை ச ரி க ம என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். காகிதம் கூடாது என்பது அந்த அறைக்குள்தானே. நாலாவது வாரத்துக்குள் ஐந்து மெட்டுகள் மனப்பாடம். தேநீர் முடிந்ததும் இரண்டாம் அறைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ரீல்தான் வந்தது. ரீல் என்பது வேகமான, எட்டு எட்டாக ஓடும் ஆட்ட மெட்டு. முதல் சுற்றில் ஒரு சுரம் பின்தங்கினேன். இரண்டாவதில் அரை வரி. மூன்றாவது சுற்றில் அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவதுபோல இருந்தது. எழுந்து திரும்பி வந்தேன். என் நாற்காலியில் கடிதக்காரியின் கோட் இருந்தது.

"இடம் பிடித்து வைத்திருந்தேன்," என்று அதை எடுத்துக்கொண்டாள்.

"நான் வந்துவிடுவேன் என்று தெரியுமா?"

"கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒரு வயலின் மட்டும் யோசித்து யோசித்து வாசித்தது."

எங்கே உடைகிறது என்பதைக் கண்டுபிடித்தவன் அண்ணாதான். அவன் அப்டன் பார்க்கில் கைபேசிக் கடையில் வேலை செய்தான்; ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பகலில் வீட்டில் இருப்பான். நான் குசினியில் வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா மேசையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். அண்ணா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, என்னைக் கேலி செய்வதற்காக ஒரு காலைத் தூக்கி ஆடத் தொடங்கினான். ஆடியவன் அப்படியே ஒற்றைக்காலில் நின்றான்.

"என்ன நிக்கிறாய்?" என்றேன்.

"நீ தானடி நிப்பாட்டினது. தூக்கின கால எப்ப கீழ வைக்கிறது? நீ அந்தச் சுரத்தை விட்டாத்தானே வைக்கலாம்."

"நான் எங்க நிப்பாட்டினனான்?"

"இழுக்கிறாயல்லோ. ஙீ... எண்டு. எனக்கு இஞ்ச கால் அந்தரத்தில நிக்குது."

"அவன் சொல்லுறது சரி பிள்ளை," என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமல். "சாமிக்கு வாசிக்கிறமாதிரி வாசிக்கிறாய். சாமி ஆறுதலா இருந்து கேக்கும். இவையள் குதிக்க வேணுமெல்லே."

எனக்கு அந்த இடத்தில் பெரிய சந்தோஷம் வந்தது. பிழை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் நான் வழுக்கிக்கொண்டு நுழைந்தேன். கர்நாடக இசையில் அதுதான் அழகு. இங்கே சுரத்தின்மேல் நேரே கால் வைக்க வேண்டும். அன்றிலிருந்து அண்ணா என் சோதனைக் கருவியானான். கொப்பியை மூடிவைத்துவிட்டு அவனுடைய பாதங்களைப் பார்த்து வாசித்தேன். கால் நின்றால் பிழை, நிற்காவிட்டால் சரி. மூன்று ஞாயிறுகள் அவன் குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் குதித்தான். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை வந்து மணி அடித்தார்.

"உனக்குக் கலியாணம் பேசி வந்தா நான் சொல்லப்போறன்," என்றான் அண்ணா, மூச்சு வாங்க. "பெட்டை தமையனைக் குரங்காட்டினவள் எண்டு."

"சொல்லு. இன்னொருக்கா ஆடு."

"ஏலாது. கால் நோகுது."

"கடைசி ரெண்டு வரி மட்டும்."

ஆடினான். அம்மா முருங்கையிலையை விட்டுவிட்டு மேசையில் ஆதி தாளம் போட்டார். எட்டு எண்ணிக்கை ரீலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. ஏன் முன்பே தெரியவில்லை என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

எட்டாவது வாரம் இரண்டாம் அறைக்குப் போனேன். முதல் சுற்றில் கூடவே இருந்தேன். இரண்டாவதிலும். மூன்றாவது சுற்றில் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்கவே மறந்துபோனேன். வில் தானாக மேலும் கீழும் போனது. முன்னால் யாரோ ஒருவரின் சப்பாத்து தரையைத் தட்டிக்கொண்டிருந்தது, அதற்குமேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. முடிந்தபோது பக்கத்தில் இருந்தவர் தன் பெட்டியை நகர்த்தி என் பெட்டிக்கு இடம் விட்டார். நான் தீர்மானித்துவிட்டேன். ரயிலில் வரும்போது டிஸ்ட்ரிக்ட் லைனின் அத்தனை ஸ்டேஷன்களும் எட்டெட்டாகப் போயின.

நடனத்துக்கு முதல் நாள் என் பட்டியலில் பதினொரு விஷயங்கள் இருந்தன. மெட்டுகளின் தொடக்கம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடங்கள், கடினமான விரல்கள், மேலதிகத் தந்தி, தண்ணீர்ப் போத்தல். எல்லாவற்றுக்கும் சரி அடையாளம் போட்டேன்.

அம்மாவும் அண்ணாவும் வந்திருந்தார்கள். அம்மா கோயிலுக்குக் கட்டும் மயில்பச்சைச் சேலையில் இருந்தார். மேடையில் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி. எங்களுக்குத் தலைமை மூன்றாம் அறையின் ஆசிரியை. கடைசிச் சுற்று வரும்போது அவர் வலது காலை உயர்த்திக் காட்டுவார். அதைப் பார்த்து எல்லோரும் முடிக்க வேண்டும். கீழே நூறு பேர் வரிசையாகக் கைகோத்து நின்றார்கள். கடிதக்காரி ஒரு வரிசைக்குத் தலையாக நின்று எனக்குக் கைகாட்டினாள்.

தொடங்கினோம். அதை எப்படிச் சொல்வது? நாற்பது வயலின்களின் நடுவில் என் வயலினின் சத்தம் எனக்கே தனியாகக் கேட்கவில்லை, ஆனால் அது மரத்துக்குள் அதிர்வது நாடியெலும்பில் தெரிந்தது. மண்டபத்தின் பலகைத் தரை அத்தனை கால்களோடும் சேர்ந்து எழும்பி விழுந்தது. முதல் சுற்று. இரண்டாவது. அந்த ஆட்டத்துக்கு நடுவில் ஒரு மயில்பச்சை தெரிந்தது. கடிதக்காரி அம்மாவை இழுத்துவிட்டிருந்தாள். அம்மா ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுழன்றார். மூன்றாம் சுற்று. ஆசிரியையின் கால் உயர்ந்தது. கடைசி வரி, கடைசிச் சுரம், நாற்பது வில்களும் ஒன்றாக நின்றன.

நான் நிற்கவில்லை. முதல் வரிக்குத் திரும்பிப் போனேன்.

சரணம் முடிந்தால் பல்லவிக்கு வந்து, அங்கேதான் பாட்டை முடிப்பது. எட்டு வருடம் படித்தது. குசினியிலும் ஒவ்வொரு முறையும் அப்படியே முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. பயிலரங்கில் அவரவர் இஷ்டத்துக்கு ஓய்வதால் அங்கும் தெரியவில்லை. பதினொரு விஷயங்கள் எழுதிய பட்டியலில் முடிவு என்ற ஒன்று இல்லை.

அத்தனை பெரிய மண்டபத்தில் என் வயலின் மட்டும் ரீலின் முதல் வரியைத் தெளிவாக, நல்ல வேகத்தில் வாசித்தது. என் கையை எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அந்த நாற்காலி போய்விட்டது என்று நினைத்தேன். எல்லா முகங்களும் தூண் பக்கம் திரும்பின.

ஆனால் கீழே அம்மா நிற்கவில்லை. அவருக்கு அது பல்லவி; இன்னும் ஒரு வரி இருக்கிறது. சுழன்றுகொண்டே அடுத்தவரின் கையைப் பிடித்தார். பிடிக்கப்பட்டவர் அடுத்தவரைப் பிடித்தார். இன்னொரு சுற்று என்று நினைத்து வரிசை அசைந்தது. ஆசிரியை என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார், ஒரு சிரிப்புச் சிரித்து வயலினை நாடிக்குக் கொண்டுபோனார். இரண்டாம் வரியில் மூன்றாம் அறை முழுவதும் வந்து சேர்ந்துகொண்டது. மூன்றாம் வரியில் எல்லோரும். நான்காம் சுற்று முழுதாக ஓடியது. இம்முறை அவர் காலைத் தூக்கியபோது முழங்கால் மார்புவரை வந்தது. கண் என்மேலேயே இருந்தது. நின்றேன்.

இடைவேளையில் வில்லைத் தளர்த்திப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை தேநீரோடு அந்தப் பக்கமாக வந்தார்.

"எங்கே கிளம்பிவிட்டாய்? இன்னும் பாதி இருக்கிறது."

"நான் பிழைவிட்டேன்."

"விட்டாய். எனக்குக் கை வலிக்கிறது. அடுத்த பாதியில் என் காலைப் பார், அது போதும்." பெட்டிக்குள் இருந்த வில்லை எடுத்து என் கையில் தந்துவிட்டு நடந்தார்.

அம்மா மேடைப் படியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்திருந்தான்.

"கேட்டீங்களே அம்மா," என்றேன். "கடைசியில நான் மட்டும் தனிய வாசிச்சுப்போட்டன்."

"மற்றவையள்தான் இடையில விட்டிட்டினம்," என்றார் அம்மா. "பல்லவிக்கு வராமல் பாட்டு எப்பிடி முடியும்? நீ அவையளுக்கு ஒருக்காச் சொல்லிக் குடு."

அண்ணா தண்ணீரைக் குடித்துவிட்டான், அவர் கேட்பதற்கு முதலே. மணி அடித்தார்கள். தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டாவதாக 'கால்' என்று எழுதி, வயலினை நாடிக்கு வைத்தேன்.