சண்டை போட ஒரு கனெக்‌ஷன்

பிராட்பேண்ட் கடையில மொதல்ல கத்துக்குடுக்குற வேலையே, “கொஞ்ச நேரத்துல நெட்டு வந்துடும்”னு பொய் சொல்றதுதான். ரவுட்டர்ல செவப்பு லைட்டப் பாத்து வயிறு எரிஞ்ச சனங்களே, காலேஜ் விட்டு வந்து பாகூர் கடையில உக்காந்து உங்ககிட்ட அந்தப் பொய்யச் சொன்னவ நான்தான். திட்டுனவங்களுக்கெல்லாம் திருப்பிக் குடுத்திருக்கேன். மணப்பட்டு செல்வி அக்காகிட்ட மட்டும் என் வாய் செல்லல.

டவர் தெரியுது

அக்காவோட வூட்டுக்காரரு மஸ்கட்டுப் பக்கம் மீன்புடி போட்ல வேலை. கரைக்கு வந்தாதான் போன் போடுவாரு. அக்கா வூட்டுக்குள்ள செல்போன் சிக்னல் சுத்தமா கெடையாது. டவரு கண்ணுக்குத் தெரியுதே, அப்புறம் இன்னா கேடுன்னு கடைக்கே வந்து கேட்டுச்சி. தெரிஞ்சா போதாதுக்கா, நடுவுல சவுக்குத் தோப்பு, அப்புறம் உன் காங்கிரீட் செவுரு, இதெல்லாம் தாண்டறதுக்குள்ள சிக்னல் செத்துடும்னு கத்துனேன். தெருக்கோடி தண்ணி டேங்குகிட்ட நல்லா எடுக்குதாமே, அங்கயே பேசேன், எதுக்கு தண்டமா ஒரு லைனுன்னும் கேட்டேன். கனெக்‌ஷன் விக்கிற கடையில உக்காந்துனு!

“பொங்கலுக்கு வரேன்னவரு வரல. டேங்குகிட்ட நின்னு கேட்டா தெருவே காதத் தீட்டினு நிக்குதும்மா. எனக்கு வூட்டுக்குள்ள கதவச் சாத்தினு அவருகிட்ட ஒரு சண்டை போடணும்.”

பீரோவுக்குள்ள ரவுட்டர்

லைன் இழுத்து, ஹால் செவுத்துல ரவுட்டர மாட்டிட்டு வந்தோம். மறுநாளே போன்: பீரோ பக்கத்துல நின்னாதான் நெட்டு எடுக்குதாம். போய்ப் பாத்தா ரவுட்டரு இரும்பு பீரோவுக்குள்ள, பட்டுப் பொடவை மேல படுத்துனு கெடக்குது. ஒயருக்காக மட்டும் கதவு கொஞ்சம் தொறந்திருக்கு. இரும்புக்குள்ள பூட்டுனா வைஃபை எப்பிடிக்கா வெளிய வரும்னு சண்டை புடிச்சேன். அக்கா அசையல. வாசல்லேர்ந்து பாத்தா தெரியாத மாதிரி பின் ரூம்புல மாட்டித் தரேன்னு சொன்னப்புறந்தான் எடுத்துக் குடுத்துச்சி.

“ஹால்ல லைட்டு மினுக்குனா தெருப் புள்ளைங்க பூரா பாஸ்வேர்டு கேட்டு வந்து குந்திக்கும். அப்புறம் நான் எங்க போய் சண்டை போடறது?”

ஆயுத பூசை

கடை லீவு. லைன்மேன் அண்ணன் ஊர்ல இல்ல. செல்வி அக்கா டேங்குகிட்ட நின்னு போன்ல அழுவுது, செவப்பு லைட்டாம். அன்னிக்கு சாயந்தரம் அவரு கரை ஏறுறாரு; லைன் வந்தப்புறம் பேசப்போற மொத பேச்சு. விட்டா மறுபடி எப்ப கரைக்கு வருவாரோ.

புது ரவுட்டர் டப்பா ஒண்ணத் தூக்கினு ஸ்கூட்டியில போனேன். தையல் மிஷின், அருவாமனை, ரவுட்டர், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். ஒயரையும் புடுங்கித் தொடச்சி, அதோட முனையிலயும் சந்தனப் பொட்டு வெச்சி மறுபடி சொருவியிருக்கு. அதுக்குள்ள மயிரு மாதிரி கண்ணாடி இழைக்கா, அதுல வெளிச்சம் போனாதான் நெட்டுன்னு கத்திக்கினே முனைய ஸ்பிரிட்ல தொடச்சேன். சொருவுற ஓட்டைக்குள்ளயும் சந்தனம் அப்பியிருந்துச்சி, டப்பாவயே மாத்துனேன். பச்ச லைட்டு வந்துச்சி.

“வெளிச்சம் போற வழின்னு எனக்கு யாரு சொன்னா? தெரிஞ்சிருந்தா வெளக்கு மாதிரி பாத்திருப்பேனே.”

கதவுக்கு வெளிய

போன் அடிச்சுது, வீடியோ கால். நான் வெளிய வந்துட்டேன், அக்கா கதவச் சாத்திக்கிச்சி. எனக்கே காது அந்தப் பக்கந்தான். பாத்திரம் பறக்கும்னு பாத்தா, சத்தமே இல்ல. ரொம்ப நேரங்கழிச்சிக் கதவு தொறந்துச்சி, கண்ணு ரெண்டும் செவந்து போயி. இன்னாக்கா, நல்லா நாலு கேள்வி கேட்டியான்னேன்.

“எங்க கேட்டேன்... கைய கழுவிட்டு அப்பதான் சாப்புட உக்காந்தாரு. அவரு சாப்புட்டாரு, நான் பாத்துனே இருந்தேன்.”

டேங்குகிட்ட நின்னுனு இருந்த கூட்டம் என்னை மடக்கி இன்னா பேசுனாங்கன்னு கேட்டுச்சி. வருசம் பூரா வராத நெட்ட வரும்னு பொய் சொல்றவ, அன்னிக்கி மட்டும் வந்த நெட்ட வரலன்னு பொய் சொல்லிட்டு வண்டிய எடுத்தேன்.