வெள்ளையடித்த வீட்டில் கடல் மட்டம்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். குப்பத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, புதிதாக வெள்ளையடித்த ஒரு சுவர். சர்வேயர் ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்தினார்.

எண்பதுகளின் நடுவில், ஒரு மார்கழி. அதற்கு முந்தைய மாதப் புயலில் கடல் வீடுகளுக்குள் எவ்வளவு உயரம் ஏறியது என்று அளக்கும் வேலை அவருக்கு. செம்பாக்கத்தில் அவர் வீடு எனக்கு அடுத்த தெரு. பத்திரிகைக்குச் செய்தி கிடைக்கும் என்று நானும் மட்டம் பார்க்கும் கருவியின் முக்காலியை மடியில் வைத்துக்கொண்டு, மேடவாக்கம் வழியாக அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். வீட்டுக்குள் தண்ணீர் நின்ற கறை நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மேட்டு நிலத்தில் அரசு மனை உண்டு. கறை இல்லையென்றால் இல்லை.

அந்த வீட்டில் மீன் விற்கும் பெண் ஒருவர் தனியாக இருந்தார். உள்சுவரும் பளிச்சென்று இருந்தது.

“கறை எங்கேம்மா?”

“பொங்கல் வருதே சார். அழுக்குச் செவுத்த வெச்சிகினு எப்டி பொங்க வெக்கிறது?”

எதிர் வீட்டுக்காரி வாசலிலிருந்து சிரித்தாள். “கடலு வந்து போட்ட கையெழுத்த அழிச்சிட்டு நிக்குது பாரு எங்கக்கா!”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. “அப்ப எனக்கு மனை கெடையாதா சார்?”

கிடையாது என்றுதான் நான் நினைத்தேன். சர்வேயர் சந்தின் நடுவில் முக்காலியை விரித்துக் கருவியைப் பொருத்தினார். எதிர் வீட்டுக்காரியையே அளவுகோலைப் பிடிக்கச் சொன்னார். அவள் வீட்டுக் கறையில் கோலின் அடியை வைத்து, தொலைநோக்கி வழியாக எண்ணைப் படித்தார். பிறகு இந்த வீட்டுக்குள் அதே எண் தெரியும்வரை கோலை ஏற்றி இறக்கச் சொல்லி, அடியில் சாக்பீஸால் கோடு போட்டார். தரையிலிருந்து நாற்பத்தொன்பது.

“இது என் கணக்கு. கடல் சொல்றதையும் பார்ப்போம்” என்று, எப்போதும் திறந்தே கிடக்கும் கதவை இழுத்துச் சாத்தினார். கதவுக்குப் பின்னால் வெள்ளையடிக்கும் மட்டை எட்டாத ஒரு முழம் சுவர். அதில் உப்புப் பூத்த பழுப்புக் கோடு. நாற்பத்தெட்டு.

“நாப்பத்தொம்போதுன்னே போடேன் சார், இன்னா கொறஞ்சிடும்?” என்றாள் எதிர் வீட்டுக்காரி.

“தண்ணி வந்தது நாப்பத்தெட்டுக்குத்தாம்மா.”

புத்தகத்தில் நாற்பத்தெட்டு என்றே எழுதினார். ஒரு சென்டிமீட்டர் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள, வெயில் ஏறும் முன் எதிர் வீட்டுக் கறையை மறுபடியும் அளந்தார்.

மாசி மாதம் ஒட்டிய மனைப் பட்டியலில் அந்த வீடு பதினொன்றாவதாக இருந்தது.