அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்த கோப்பை

புளியும் சாம்பலும் கலந்த நெடி இன்று எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு டென்னிஸ்தான் நினைவுக்கு வருகிறது. ராயபுரம் கடலோரத்து எங்கள் வீட்டில் அம்மா, மீன்சட்டி தேய்த்த கையோடு, என் அக்கா ரீட்டா ஜெயித்த கோப்பைகளையும் அப்படித்தான் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைப்பாள். தெருப்பிள்ளைகளுக்கு அவை "சொம்பு".

கட்டுமரக்காரர் வீட்டுக்குள் டென்னிஸ் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கன்னியாஸ்திரீகள் நடத்திய எங்கள் பள்ளிக்கூடத்தில் டென்னிஸ் வலை கிழியும்போதெல்லாம் நைனா போய் மீன்வலை முடிச்சுப் போட்டுத் தைத்துக் கொடுப்பார். அந்த நன்றிக்கு 'சிஸ்டரம்மா' அக்காவின் கையில் ஒரு பழைய மட்டையைக் கொடுத்தார், அவ்வளவுதான். "பந்து அடிச்சா இன்னாமே, வஞ்சிரமா வுழப்போவுது?" என்று மீன்கூடைக்காரிகள் சீண்டுவார்கள். அக்கா ஜெயித்துவிட்டு வருவாள். பள்ளிகளுக்கிடையிலான பட்டம், ரயில்வே மைதானத்தில் பெரிய பெண்களை வென்ற பட்டம், பெங்களூரில் இரட்டையர் பட்டம், அடுத்தடுத்து இரண்டு முறை நகரப் பட்டம் என்று நான் தெருவில் நின்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். கேட்க ஆளில்லையென்றால் வலை உலர்த்தும் கம்பங்களிடம் ஒப்பிப்பேன். மிச்சமிருந்தது மாகாணப் பட்டம்.

அதன் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் கடலுக்குப் போன நைனா, காற்று மாறி, திரும்பவில்லை. ஆடப் போகமாட்டேன் என்றாள் அக்கா. "நீ இங்க குந்திகினா மட்டும் கடலு உட்டுடுமா? போடி" என்று அம்மாவே அனுப்பினாள். அக்கா போன பிறகு அம்மா கரையில் மண்டியிட்டு, தெருவே கேட்க உரக்க வேண்டிக்கொண்டாள்: "மாதாவே, அவர கர சேத்துடு. எம்பொண்ணு ஜெயிச்ச வெள்ளி அல்லாத்தையும் உருக்கி ஒனுக்குக் கட்டுமரம் செஞ்சி வெக்கிறேன்." கடலில் பிழைத்தவர்களுக்காக விரல் நீள வெள்ளிக் கட்டுமரத்தைக் கோயிலில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேறு வெள்ளி எங்கள் வீட்டில் ஏது?

சாயங்காலம் அக்கா மாகாணக் கோப்பையோடு வந்தாள். யாரும் அதைப் பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை, அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நானும் அன்று ஒப்பிக்கவில்லை.

மறுநாள் நெட்டுக்குப்பத்து மீனவர்கள் நைனாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். வேண்டுதலைக் கேட்டதும் அவர் அம்மாவிடம், "அது அவ சம்பாதிச்சதுமே, ஒன்னுது இல்ல" என்றார். அக்கா கோப்பைகளைச் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

வண்ணாரப்பேட்டைத் தட்டார் ஒவ்வொன்றாக அரத்தால் சுரண்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, அல்லாமே பித்தளை. மேல பூச்சு பூசிக்கீறான்." பேரும் பட்டமும் வெட்டியிருந்த இடத்திலேயே சுரண்டியிருந்தார், அந்த இடம்தான் தட்டையாக இருந்ததாம். கடைசியாக மாகாணக் கோப்பை, எல்லாவற்றிலும் சின்னது, அரத்துக்கு வெள்ளையாகவே நின்றது.

அம்மா அக்காவைப் பார்த்தாள். "இது வேணாம்டி. மாதாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"வெள்ளி அல்லாத்தையும்னுதானே வேண்டிகினே" என்றாள் அக்கா. கோபமில்லை, அழுகையில்லை, பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் நடுவர் சொல்வாரே, அந்தக் குரல்.

அதன் பிறகும் அவள் கொஞ்சகாலம் ஆடினாள். ஜெயித்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஒப்பிப்பதை நான் நிறுத்தியிருந்தேன்.

இன்று அக்கா ஆடிய மைதானத்தில் லாரிகள் நிற்கின்றன. கட்டுமரங்கள் போய் இயந்திரப் படகுகள் வந்துவிட்டன. பழைய காணிக்கைகளையெல்லாம் உருக்கிக் கோயிலுக்கு ஒரு மெழுகுவர்த்தித் தாங்கி செய்தார்கள். மாகாணப் பட்டம் அதில் எந்தப் பக்கம் இருக்கிறதோ. சுரண்டிய கோப்பைகளில் ஒன்று மட்டும் அக்கா வீட்டில், மண் நிரப்பி, வாசற்கதவு ஓரத்தில் கிடக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை அதைக் காலால் தட்டிக் கேட்டது: "இன்னா சொம்பு ஆயா இது?"

"கடல்காத்துக்குக் கதவு சாத்திக்குது இல்ல, அதுக்குத்தான்" என்றாள் அக்கா.